அந்தச் சாட்டைப் படத்தை மறுபடி மாட்டுங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். என் மாணவர்களுக்குத் தேவாரம் மனப்பாடம். தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. வீட்டில் ஆங்கிலம்தான். பிள்ளைகள்மேல் குற்றமில்லை.

கேலிச்சித்திரம் வரையச் சொன்னதே அதனால்தான். ஒரு படத்துக்கு நாலு வார்த்தைத் தமிழ் போதும், ஆனால் நாலும் சரியாக விழ வேண்டும். ஒரு பத்தி எழுதத் திணறும் பிள்ளை, அந்த நாலு வார்த்தைக்காக அரை மணி நேரம் என்னைத் துளைத்தெடுக்கிறது.

போன தவணையில் மூன்று பவுன் வரி பாடம். இந்தியாவிலிருந்து தோட்டக் கூலிகளாக ஒப்பந்தத்தில் வந்து, அது முடிந்தபின் ஊருக்கும் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இங்கேயே தங்கியவர்கள்மேல் 1895-இல் நேட்டால் அரசு, அதாவது டர்பன் இருந்த அன்றைய ஆங்கிலேயக் குடியேற்றத்தின் அரசு, சுமத்திய வரி. பிற்பாடு பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள்: ஆணுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13. தோட்டத்தில் முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அதாவது ஆறு மாதச் சம்பளம், வருடா வருடம். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொட்டாவி விட்டார்கள்.

சரி, வரையுங்கள் என்றேன். ஒரு மாணவி பிறந்தநாள் கேக் வரைந்தாள். மேலே பதின்மூன்று மெழுகுவத்தி. ஊதக் குனிகிற சிறுமிக்கும் கேக்குக்கும் நடுவே ஓர் அதிகாரியின் கை நீள்கிறது. கீழே முதலில் ‘வரி செலுத்தவும்’ என்று எழுதினாள். “சின்னப் பிள்ளையிடம் அந்த ஆள் இப்படியா பேசுவான்?” என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்டு வந்து மாற்றினாள்: ‘பதிமூணு ஆச்சா? மூணு பவுன் எடு.’ அவளுக்கே அடுத்த மாதம் பதின்மூன்று முடிகிறது.

இன்னொரு பையன் ஜூலு என்னும் ஆப்பிரிக்க இனத்துக் காவலர் ஒருவரைத் தடித்த உதடும் பிதுங்கிய கண்ணுமாக வரைந்தான். நான் திட்டவில்லை. முனுசாமி, ராமசாமி என்று பேரோடு வந்தவர்களையெல்லாம் இங்கே வெள்ளையர்கள் ‘சாமி’ என்றும், நம் பெண்களையெல்லாம் ‘மேரி’ என்றும் ஏளனமாகக் கூப்பிட்ட கதையைச் சொன்னேன். ஒருவரின் அதிகாரத்தைக் கேலி செய்யலாம், உடம்பைக் கேலி செய்யக் கூடாது என்பது அவனுக்கு அதில் பிடிபட்டது. அவனாகவே அழித்தான்.

இப்போது என் மனக்குறைக்கு வருகிறேன். ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்கு என் மாணவன் வரைந்த படத்தைக் கொடுத்திருந்தேன். தலைப்பாகை கட்டிய சர்தார், அதாவது கூலிகளை மேய்த்த இந்தியக் கங்காணி, கூலியாளைச் சாட்டையால் அடிக்கிறார். பின்னால் தோட்ட முதலாளி தேநீர் குடிக்கிறார். சாட்டையின் மறுமுனை அவருடைய கோப்பைக் காதில் முடிந்திருக்கிறது. கீழே ‘அடி, உன் ஆள்தானே!’ விழா தொடங்கும் முன்பே கழற்றிவிட்டார்கள். நம்ம ஆளை நாமே இழிவுபடுத்தலாமா என்றார்கள். அம்மாவைக் கூட்டிவந்த பையன் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சர்தார்கள் நம்மவர்கள்தான், அடித்ததும் உண்மைதான். தொழிலாளர்கள் அந்நாளில் குடியேற்றக் காப்பாளரிடம் (ஒப்பந்தக் கூலிகளின் குறைகளைக் கேட்க அரசு வைத்த அதிகாரி) கொடுத்த புகார்களில் அந்த அடியும் பதிவாகியிருக்கிறது. பையன் எதையும் கட்டிச் சொல்லவில்லை. சாட்டை யார் கையில், கயிறு யார் கையில் என்று பிரித்துக் காட்டியிருக்கிறான். என் பாடத்தில்கூட அது அவ்வளவு தெளிவாக வரவில்லை.

இது தமிழுக்குப் புதிதும் இல்லை. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ இதழில் பாரதி கருத்துப்படங்கள் போட்டார். ஆங்கிலேய அரசை மட்டுமா? நம் மிதவாதத் தலைவர்களையும் அவர் விடவில்லை. இங்கேயும் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தேர்வில் கேலிச்சித்திரத்தைக் கொடுத்துப் பொருள் கேட்கிறார்கள். பார்க்கத் தெரிய வேண்டும் என்றால் வரைந்து பழகட்டுமே.

1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பலான ட்ரூரோ 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. இந்த வருட நவம்பர் 16 விழாவில் ஆட்டம் பாட்டு எல்லாம் இருக்கட்டும், கூடவே பிள்ளைகளின் படங்களுக்கு ஒரு சுவர் தாருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வரைவதற்கு ஒதுக்குங்கள். ஒரு படம் பிடிக்கவில்லையா, ஏன் என்று தமிழில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள். எழுத்துக்கூட்டியாவது பையன் வாசிப்பான், பதிலும் வரைவான். கழற்றாதீர்கள்.

சாட்டைப் படம் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு மூலை கிழிந்திருந்தது, ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் அந்தப் பையனோடு கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்புத் தமிழாசிரியை