கோல் போட்டவரின் பெயர் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன திங்கட்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த உதைபந்தாட்ட இறுதியாட்டச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். ஆட்டம் சமநிலையில் முடிந்து தண்ட உதையில் வெற்றி தீர்மானிக்கப்பட்டது என்று போட்டிருந்தீர்கள். உதைத்துக் கோல் போட்ட நாலு பேரின் பெயரும் இருந்தது. பிரதம விருந்தினரின் பெயர் பட்டம், பதவியோடு இரண்டு வரிக்கு நீண்டிருந்தது. இரண்டு உதையைத் தடுத்த பெடியனின் பெயரைத்தான் காணவில்லை.

நான் கோலுக்குப் பின்னால் நின்று பார்த்தவன். இரண்டாவது உதைக்கு அவன் கடைசிவரை அசையவில்லை. உதைக்க ஓடி வந்தவரின் ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வலப்பக்கம் விழுந்தான். 11 மீற்றரில் இருந்து வருகிற பந்துக்கு அப்படிக் காத்து நிற்க நெஞ்சு வேண்டும். முக்கால்வாசிப் பேர் முன்கூட்டியே ஏதோ ஒரு பக்கம் பாய்ந்துவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

குருநகரில் 16 வருடம் கோல் காத்தேன். ஓட ஏலாதவனைக் கோலுக்குள் விடு என்கிற வழக்கத்தில் உள்ளே போனவன். கம்பத்தில் கட்டியிருந்தது பழைய மீன்வலை. கையுறையைக் கண்டதே முப்பது வயதுக்குப் பிறகு. இடக்கை மோதிர விரல் இன்றைக்கும் மடங்காது. கடையில் காசு வாங்கும்போது சில்லறை அந்த இடுக்கால் விழும். 1992இல், தன் அணிக்காரர் காலால் தட்டித் தருகிற பந்தைக் கோல்காப்பாளர் கையால் பிடிக்கக்கூடாது என்று விதி மாறியது. இங்கே மின்சாரம் இல்லாத காலம், செய்தி எங்கள் கரைக்குப் பிந்தித்தான் வந்தது. ஒருநாள் வழமைபோலப் பிடித்தேன், நடுவர் விசில் ஊதினார், நான் அவரோடு சண்டைக்குப் போய்விட்டேன்.

சரி, வெளியில் மட்டும் என்ன வாழ்கிறது? சிறந்த உதைபந்தாட்ட வீரருக்குக் கொடுக்கிற பலோன் டோர் விருதை 1963இல் சோவியத் கோல்காப்பாளர் யாஷின் வாங்கினார். ஆண்களில் அதற்கு முன்னும் பின்னும் அந்த விருது ஒரு கோல்காப்பாளருக்கும் போகவில்லை. ஆனாலும் அங்கே இந்த இடத்துக்கு நீண்ட ஆயுள் இருக்கிறது. 1982இல் இத்தாலியின் தலைவராக உலகக் கிண்ணத்தைத் தூக்கியபோது டினோ சொஃபுக்கு 40 வயது. 2018இல் எகிப்தின் எல் ஹதாரி 45 வயதில் உலகக் கிண்ணத்தில் இறங்கி, சவூதியின் தண்ட உதையொன்றைத் தடுத்தார். எங்கள் பெடியள் 22 வயதில் கடலுக்கோ மேசன் வேலைக்கோ போய்விடுகிறார்கள். அவர்களில் பிழை இல்லை. பயிற்சியிலும் கடைசிப் பத்து நிமிடம், மற்றவர்கள் உதைத்துப் பழகுகிற சுவராகத்தானே நிறுத்துகிறோம்.

இன்னொன்று. அதே ஆட்டத்தில் எதிரணிக் கோல்காப்பாளர் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றபோது நடுவர் மூலை உதை கொடுத்தார். பார்த்தவர்களில் பாதிப்பேர் நடுவரைத் திட்டினார்கள். 8 செக்கனுக்கு மேல் வைத்திருந்தால் மூலை உதை என்று 2025இல் வந்த விதி அது. உங்கள் நிருபர் அதையும் எழுதவில்லை. 1992இல் எங்களுக்கு நடந்தது இப்போதும் நடக்கிறது, இப்போது மின்சாரம் இருக்கிறது.

தடுத்தவரின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள், விருந்தினரின் பட்டத்தில் ஒன்றைக் குறைத்தாலே இடம் வரும். அந்தப் பெடியனின் பெயரைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நிருபரைக் கடைப்பக்கம் வரச் சொல்லுங்கள்.

பழைய கோல்காப்பாளன்,
குருநகர், யாழ்ப்பாணம்.