சலானில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றி லேத், மில்லிங் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

எஃகைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினம் ஏற்றும் ஹீட் ட்ரீட்மென்ட் உலை முன்னால் பதினெட்டு வருடமாக நிற்கிறவன் எழுதுகிறேன். சரக்கோடு நீங்கள் அனுப்பும் சலானில் பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘இஎன் 24, 50 ஹெச்ஆர்சி’. எஃகின் ரகம், ராக்வெல் அளவில் கடினம், அவ்வளவுதான். அந்த ஷாஃப்ட் எங்கே மாட்டப்போகிறது, இடி வாங்குமா, முறுக்கு வாங்குமா, பேச்சே இல்லை. சரி என்று கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம்.

போன ஆடியில் அப்படி ஒரு ஷாஃப்ட் இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மணிமணியாக மின்னியது. கொஞ்சமும் வளையாமல் படக்கென்று போயிருக்கிறது. திட்டு எங்களுக்கு. ராக்வெல்லில் வைத்தால் கேட்ட 50 அப்படியே நிற்கிறது!

வில்லங்கமே அந்த 50 தான். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, அதாவது குவென்ச் செய்த இஎன் 24-ஐ அந்தக் கடினத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 டிகிரியில் மறுபடி சூடாக்கி டெம்பர் செய்ய வேண்டும். 250-லிருந்து 400 வரை இந்த எஃகுக்கு ஆகாத இடம். கடினம் குறையும், ஆனால் அடி தாங்கும் சக்தி கூடுவதற்குப் பதில் இறங்கும். எஃகுக்குள் இருக்கும் மணிகளின் ஓரத்தில் பிடிப்பு விட்டுப்போகும். டெம்பர் சூடு 550-க்கு மேலே போனால் கடினம் நிறைய விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் ஷாஃப்ட் உடைவதற்கு முன் வளையும். தேயும் இடத்தை மட்டும் இண்டக்ஷனில், அதாவது மின்சுருளால் மேற்பரப்பை மட்டும் சூடாக்கி, கடினமாக்கிக்கொள்ளலாம்.

பர்கூர் பக்கம் கல் உளிக்குத் தோய்ச்சல் போடும் ஆசாரியைப் பார்த்திருப்பீர்கள். முனையை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கி, காம்பிலிருந்து சூடு இறங்கி வைக்கோல் நிறம் முனைக்கு வரும்வரை காத்திருப்பார். வந்ததும் முழுசாக முக்குவார். அதற்கு முன்னாலேயே, “கருங்கல்லுக்கா, மரத்துக்கா?” என்று கேட்டிருப்பார். நாங்கள் கேட்டால் மட்டும் உங்களுக்குக் கோபம் வருகிறது.

போல்ட்டும் இதே கதைதான். 8.8 கிரேடு உடைவதற்குள் 12 சதவீதமாவது நீள வேண்டும், அதைவிட வலுவான 12.9-க்கு 8 போதும். இந்த 12.9 போல்ட்டுக்கு மின்முலாம் பூசி, சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் சுட வைக்காமல் விட்டால், உள்ளே புகுந்த ஹைட்ரஜன் முடுக்கிய மறுநாளே தலையைத் துண்டித்துவிடலாம்.

ஆகவே இனி சலானில் வேலை என்ன, கடினம் எதிலிருந்து எதுவரை, இம்பாக்ட், அதாவது அடி தாங்கும் சக்தி, எவ்வளவு வேண்டும் என்று எழுதுங்கள். அந்த இம்பாக்டைச் சோதிக்க, அதே கம்பியில் 10க்கு 10, 55 மில்லிமீட்டர் நீளத்துக்கு மூன்று துண்டு வெட்டி ஜாபோடு சேர்த்து அனுப்புங்கள். காடி வெட்டுவதை டெஸ்ட் செய்கிறவர் பார்த்துக்கொள்வார்.