எடை மெஷினுக்கு ஒரு திரை போடுங்கள்

ஆசிரியருக்கு,

மதுரையில் பல கிளினிக்குகளில் எடை மெஷின், காத்திருப்பவர்கள் கண்ணெதிரே கிடக்கிறது. ‘தொண்ணூத்தெட்டு’ என்று சத்தமாக வேறு சொல்கிறார்கள். கூனிக்குறுகிப் போகிறவர் அடுத்த முறை சுகர் பார்க்கக்கூட வரத் தயங்குவார். மெஷினைத் திரைக்குப் பின்னால் வைத்து, எடையைச் சீட்டில் எழுதினால் போதாதா?

பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையிலும் இதே அலட்சியம்தான். சாதாரணப் பட்டை 27 முதல் 34 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான், அதற்கு மேல் 44 செ.மீ. வரை பெரிய பட்டை வேண்டும். சிறியதை இழுத்துக் கட்டினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். பிறகு இல்லாத நோய்க்கு மாத்திரை, கூடவே ‘வாயைக் கட்டுங்க’ என்று திட்டு! ஸ்டீராய்டும் இன்சுலினும் சில மனநல மருந்துகளும்கூட எடையைக் கூட்டும். சரியான பட்டையைத் தேர்ந்தெடுக்க, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப் வைத்து அளக்க அரை நிமிடம்தான். பருமனானவர்கள் இடிபடாமல் உட்கார, கைப்பிடி இல்லாத நாற்காலி இரண்டும் போடுங்கள்.

சில செவிலியர்கள்,
கே.கே. நகர், மதுரை