ஓராண்டு ஊராட்சிப் பணியில் கைகொடுத்த எல்லோருக்கும்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

2021 அக்டோபர் 20 அன்று காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் பதவியேற்றோம். வருகிற 20-ஆம் தேதியோடு ஒரு வருடம் நிறைகிறது. செய்த வேலைகளின் பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. வேலை நடந்த இடங்களில் பலகையும் வைத்திருக்கிறோம். அந்தப் பலகையில் திட்டத்தின் பெயர் இருக்கும், மதிப்பீட்டுத் தொகை இருக்கும், என் பெயரும் இருக்கும். வேலையை நடத்திக் கொடுத்தவர்கள் பெயர் இருக்காது. அது எனக்குப் பொறுக்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் இங்கேயும் பெயர் இல்லாமல்தான் எழுதுகிறேன். யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரியும்.

பதவியேற்ற கையோடு மழை வந்தது. அந்த நவம்பரை நாம் யாரும் மறக்க மாட்டோம். பாலாற்றில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது. நம் ஏரி சிறியது. நூறு ஏக்கருக்குள் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பது. மாவட்டம் முழுக்கப் பெரிய ஏரிகளைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதாத நேரத்தில் நம் ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கோடி வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, கரையில் கசிவும் தொடங்கிவிட்டது. அன்றைக்கு ஊரைக் காப்பாற்றியவர், ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடும் நம் நீர்க்கட்டித் தாத்தா. கோடிப் பக்கம் எல்லோரும் கூடி நின்றபோது, "அங்க ஒண்ணும் ஆகாது, மதகு ஓரம் மண்ணு இளகுது, அங்க வாங்க" என்று அழைத்துப் போய்க் காட்டினார். அவர் காட்டிய இடத்தில்தான் கசிவு பெரிதாகிக்கொண்டிருந்தது. கரையில் எந்த இடம் எந்தக் காலத்தில் அடைக்கப்பட்டது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்குத் தெரியும். இப்போது இரண்டு இளைஞர்கள் அவரோடு கரையைச் சுற்றி வந்து கேட்டுக்கொள்கிறார்கள். அதற்காகவும் அவருக்கு நன்றி.

அந்த இரவில் சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கிய பிள்ளைகளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? இடுப்பளவுத் தண்ணீரில் விடியும்வரை நின்றார்கள். தேர்தலில் எனக்கு எதிராக வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்ற பேச்சே அன்று எழவில்லை. தாழ்வான தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்களுக்கு மூன்று வேளையும் சமைத்துப் போட்டவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். அரிசி எங்கிருந்து வந்தது என்று அப்புறம் விசாரித்தேன். ஆளுக்கு ஒரு படி என்று தங்கள் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறார்கள்.

கோடையில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைத் தூர்வாரியது நூறு நாள் வேலையில். முழுக் கூலி அப்போது 281 ரூபாய். வெட்டிய அளவு குறைந்தால் கூலியும் குறையும். வெயில் ஏறுவதற்கு முன்பே வந்து மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் பலர் அறுபதைத் தாண்டிய ஆயாக்கள். கால்வாயின் கடைசிப் பகுதியில் வயலோடு வயலாகச் சேர்ந்துபோயிருந்த இடத்தை, அளந்து காட்டியதும் தாமாகவே விட்டுக்கொடுத்த இரண்டு குடும்பங்களுக்கும் இந்தக் கடிதத்தில் தனி இடம் உண்டு. வழக்கு என்று போயிருந்தால் இன்னும் பல வருடம் இழுத்திருக்கும்.

குடிநீர் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, வராவிட்டால்தான் என் வீட்டுக்குப் போன் வரும். மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவி, தினமும் குளோரின் கலந்து, மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போடும் ஆபரேட்டர் அண்ணனுக்கு ஞாயிறு, பண்டிகை எதுவும் கிடையாது. கடைசித் தெருக் குழாயிலும் குளோரின் 0.2 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 0.2 பங்கு) இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பரிசோதனைப் பெட்டியை வைத்துச் சோதித்துச் சொல்வது நம் ஊர்ப் பெண்களே. அவர்கள் பயிற்சிக்குப் போனபோது வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட மாமியார்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

தூய்மைக் காவலர் அக்காக்களுக்கு நன்றி என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இந்த ஓராண்டில் மாதம் 3,600 ரூபாய்தான் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பணத்துக்கு வீடு வீடாக வண்டி தள்ளி, நாம் பிரிக்காமல் கொட்டுவதையும் கையால் பிரித்து, வெள்ளம் வடிந்த பிறகு தெருத் தெருவாகப் பிளீச்சிங் பவுடரும் போட்டார்கள். இது நியாயமான ஊதியம் இல்லை. பேச வாய்ப்புக் கிடைக்கும் கூட்டங்களில் எல்லாம் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கிய வீடுகள்தான் அவர்களுக்கு நிஜமான நன்றி சொல்லியிருக்கின்றன.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. ஆனாலும் பெண் தலைவர் கையெழுத்துப் போடுவார், வீட்டுக்காரர்தான் வேலையைப் பார்ப்பார் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நம் ஊரில் வயதானவர்கள்கூட என்னையே தேடி அலுவலகத்துக்கு வந்து குறையைச் சொன்னீர்கள். தன்னிடம் வந்தவர்களை "அவங்ககிட்டயே பேசுங்க" என்று திருப்பி அனுப்பிய என் கணவருக்கும் நன்றி. காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். படித்துப் பார்க்காமல் ஒரு காசோலையிலும் கையெழுத்திடாத துணைத்தலைவருக்கு மிக்க நன்றி. வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகமான எம்புக் வராமல் தொகை கேட்ட ஒப்பந்ததாரரிடம் அவர் முடியாது என்று சொன்னது எனக்கும் தைரியம் தந்தது. இரவு எத்தனை மணியானாலும் பதிவேடுகளை முடித்துவிட்டுப் போகும் ஊராட்சிச் செயலருக்கும், அளவெடுக்க அழைத்தபோதெல்லாம் வந்த ஒன்றிய ஓவர்சியருக்கும், தங்கள் வார்டை மட்டும் பார்க்காமல் ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பேசிய உறுப்பினர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கிராம சபையில் கேள்வி கேட்டவர்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. நம்மைப் போல 500-க்கு மேல், 3,000-க்குள் மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைந்தபட்ச வருகை 100 பேர். மே தினத்தன்று அதைவிட அதிகமாகவே வந்தீர்கள். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவாக வேண்டும், அது அப்படித்தான் செலவானதா என்று ஒரு கல்லூரி மாணவி எழுந்து கேட்டார். தெருவிளக்கு பில்லைக் கேட்டு வாங்கி ஒரு பெரியவர் வரிவரியாகப் படித்தார். சிலர் இதை வம்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், சுமார் 920-ஆம் ஆண்டிலேயே, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியத்தில் இருப்பவர்களுக்கு 360 நாள்தான் பொறுப்பு, கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர் உறவினர் பெயரையும் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு எழுதக் கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கால்வேலி நிலமும் வேதப் படிப்பும் கேட்ட அந்தக் குடத்தில், நிலமில்லாத வீட்டில் பிறந்த என் பெயர் விழுந்திருக்க வழியே இல்லை. இன்று அந்த இடத்தில் நான் இருக்கிறேன். அப்படியென்றால் அவர்களைவிடக் கூடுதலாகவே நான் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு ஓராண்டு வரவு செலவை முழுவதுமாகப் படிக்கிறோம். செலவுச் சீட்டுகள் மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நீர்க்கட்டித் தாத்தாவையும் தூய்மைக் காவலர் அக்காக்களையும் முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்கள் அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டாவது வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஊராட்சி மன்றத் தலைவர்