வெள்ளைக்கார கொடிக்கு காவல் இருக்கிற தம்பிக்கு

தம்பி, நல்லா இருக்கியா, சாப்பாடெல்லாம் நேரத்துக்கு சாப்டுறியா. தங்கச்சி தான் இந்த போன்ல பேசினா எழுத்தா விழும்னு சொல்லிக் குடுத்தா, தப்பு இருந்தா கண்டுக்காத. இங்க எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முட்டி வலி அப்படியே தான், கேட்டா இல்லைங்கிறாக. நாலஞ்சு நாளா சாயங்காலம் ஆனா மேகம் கட்டுது, பழம் அறுக்கப் போற நேரம், இப்ப மழை விழுந்தா பன்னீர் திராட்சை வெடிச்சிரும்னு பந்தலுக்கும் வீட்டுக்கும் நடையா நடக்குறாக. வியாபாரி இப்பவே வெலய கொறைக்கப் பாக்குறான். அத விடு.

நீ அனுப்பின கவாத்து வீடியோவ இன்னும் பாத்துட்டு தான் இருக்கேன். வெட்டின குச்சிய தள்ளுவண்டில இருக்குற தகர டிரம்முக்குள்ள போட்டு எரிச்சு அதுலயே குளிர் காயிறியே, அது. கை பூரா வெடிச்சு கெடக்கு, தேங்காண்ணெய் தடவுனியா இல்லையா. ஒரு நீட்டுக் குச்சி, பக்கத்துல ரெண்டு கண்ணு விட்டு ஒரு குட்டைக் குச்சி, மிச்சமெல்லாம் வெட்டி எறிஞ்சிர்ற. கொடி இடுப்பு ஒசரம் கூட இல்லையே, நாளெல்லாம் குனிஞ்சே நின்னா முதுகு என்னத்துக்கு ஆகும். நம்ம பந்தல்ல அண்ணாந்து பாத்து கழுத்து தான் போகும். ஆனா கத்திரி புடிச்சிருக்குறது அப்படியே அப்பா, அதையும் சொல்லணும்ல. அக்ரி ஆபீசர் வந்தப்ப கூட எம் மகன் பிரான்சுல பர்கண்டில பினோ நுவார்ங்கிற திராட்சைத் தோட்டத்துல இருக்கான்னு சொன்னேன், அவரு எந்திரிச்சு நின்னு கேட்டாரு. நம்ம பன்னீரும் ஒரு பிரெஞ்சு பாதிரியார் கொண்டு வந்ததுன்னு தான சொல்லுவாக, அங்கருந்து ஒரு ஆளு வந்ததுக்கு இங்கருந்து ஒரு ஆளு போயிருக்கான்னாரு. அப்பா சிரிக்கல, ஆனா அன்னைக்கு ரெண்டு தோசை கூட சாப்டாக.

வாய்ல வச்சு கொப்பளிச்சு துப்பிருவோம்னு சொன்னீல்ல ஒயின் டேஸ்ட் பாக்குறப்ப, எல்லாரும் துப்புவாகளா? சும்மா தான் கேட்டேன்.

அந்த பினோ கொடிய பத்தி நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, நான் காது குடுக்கலன்னு நெனைக்காத. தோலு மெலிசு, கொத்து இறுக்கம், உள்ள காத்து போகாது, ஒரு மழை நின்னு பேஞ்சா நடுவுல இருக்குற பழம் நசுங்கி பூசணம் புடிக்கும், வெளிய பாத்தா தெரியாதுன்ன. அதுக்காகத்தான் காலை வெயில் படுற பக்கம் மட்டும் இலை கிள்ளுறீங்க, மத்தியான வெயில் பக்கம் விட்டுர்றீங்க, சரி தான், வெயில் ஏறுனா பழம் வெந்து போகும். பச்சப்புள்ள மாதிரி பனியும் ஆகாது வெயிலும் ஆகாது, அதுக்கு இம்புட்டு பேரும் புகழுமா. ஏக்கருக்கு 4000 கொடி நட்டு நல்ல தோட்டத்துல 2 டன்னு எடுக்குறாகன்னு அப்பாட்ட சொன்னேன், நம்புல. நம்மது 600 சொச்சம் கொடி, நல்லா வந்தா வருஷத்துக்கு 10 டன்னுக்கு மேல வரும், அப்படியும் கடன் தீரல. அப்புறம் 1395ல அந்த ஊரு பிரபு காமேன்னு ஒரு திராட்சைய புடுங்கிப் போடுங்கன்னு உத்தரவு போட்டாராமே, அது கொத்துக் கொத்தா காய்ச்சதாலயே. அதிகமா காய்க்கிறத புடுங்கச் சொன்ன மகராசன நான் இப்ப தான் கேள்விப்படுறேன். பினோ மட்டும் இருக்கணும்னாராம். கொஞ்சமா காய்ச்சா ருசி கூடுதுங்குற, அத நான் மறுக்கல, ஆனா நம்ம ஊர்ல அத சொல்லி வியாபாரிட்ட வெல கேளு பாப்போம்.

செவட்டை நோய்க்கு மருந்து அடிக்கிறப்ப மூஞ்சி மூடுறியா? மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை உங்க பிரான்சுலருந்து வந்தது தான், வந்த ஊர்னு அசால்ட்டா இருக்காத, கண்ணு எரியும். அந்த கையோட சாப்பிடாத. நீ சமைச்சே சாப்டு. வேலை முடிஞ்சு எல்லாரும் ஒக்காருவாகன்னு சொன்னீல்ல, ஒக்காரு, வேணாங்கல, புது ஊரு, ஒட்டாம இருந்தா தப்பா நெனைப்பாக. ஆனா மொதல்ல வயித்துக்கு சோறு போட்டுட்டு ஒக்காரு. அங்க தண்ணி மாதிரி தான் அதுன்னு தங்கச்சி சொல்றா. இருக்கும். சித்தப்பாவும் அப்படித்தான சொன்னாரு. சித்தி இன்னும் அந்த தகரப்பெட்டிய தொறக்கல, போன வாரம் போயிருந்தேன், அதே எடத்துல தான் இருக்கு.

ஏப்ரல்ல துளிர் விட்டப்ப பனி இறங்குதுன்னு ராத்திரி பூரா முழிச்சு வரிசை வரிசையா மெழுகு டப்பா கொளுத்துனீங்களே, மத்த கொடிக்கு முந்தியே துளுத்து மாட்டிக்குதுன்னு திட்டிக்கிட்டே போட்டோ அனுப்புன. தோட்டமே கார்த்திகை தீபமா இருந்துச்சு, நான் ஊர் பூரா காமிச்சேன். அந்தக் கொடிக்கு வெடிய வெடிய முழிக்கத் தெரியுது, பெத்தவளுக்கு ரெண்டு நிமிஷம் போன் போட முடியல. எத்தன ஞாயித்துக்கிழம ஆச்சு. அந்த பனிக்கு அப்புறம் தான் நீ கொறைச்சுக்கிட்ட, துளிர் எம்புட்டு கருகுச்சுன்னு கூட சொல்லல. கருகினா ரெண்டாவது கண்ணு துளிர்க்கும், காய் கம்மியா தான் வரும், அதுக்காக யாரும் உன்னைய ஒண்ணும் சொல்லப்போறதில்ல. மொதலாளி எதும் சொன்னாரா?

அன்னைக்கு ராத்திரி நீ கூப்ட்டு பேசினத அப்பாட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன்.

2023ல நம்ம கம்பம் பன்னீருக்கு புவிசார் குறியீடு குடுத்தாகல்ல, அதுலருந்து வெளியூர்க்காரவுக வந்து தோட்டம் பாக்குறாக. நீ எப்ப வந்தாலும் வேலை இருக்கு, அதுக்காக வான்னு சொல்லல, படிச்சு போயிருக்க, இரு. பணம் அனுப்பாட்டியும் பரவால்ல, இந்த மாசம் நாங்க பாத்துக்குறோம்.

ஞாயித்துக்கிழம வீடியோ கால் போடு. சாயங்காலம் வேணாம் தம்பி, காலைல எந்திரிச்ச ஒடனே போடு, பல்லு வெளக்காட்டியும் பரவால்ல. மூஞ்சிய நேரா காமிச்சு போடு, சும்மா மேல சீலிங்க காட்டிட்டு பேசாத.

அம்மா