அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள்: எங்கள் நகர் வாட்ஸ்ஆப் குழு அட்மின்களுக்கு

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், அட்மின்கள் அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமை இரவு நம் குழுவில் வந்த சிசிடிவி வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பிள்ளை பிடிக்கும் கும்பல், உஷார்" என்று போட்டிருந்தது. அதில் இருப்பவர் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் போடும் அம்மா. கேட்டுக்குள் நின்ற குழந்தையிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் தாயே குழுவில் அதைச் சொல்லிவிட்டார். ஆனாலும் வீடியோ அங்கேயே இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நேற்றுக் காலை பக்கத்து நகரில் நாலைந்து பையன்கள் அவரை மறித்து ஆதார் கேட்டிருக்கிறார்கள். கூடையைக் கவிழ்த்து, அதையும் படம் பிடித்திருக்கிறார்கள். நசுங்கிய பாத்திரமெல்லாம் கடையில் கடனுக்கு எடுத்தது. மதியம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். தன் வீடியோவை என் போனில்தான் முதலில் பார்த்தார். படிக்கத் தெரியாது என்பதால், கீழே எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னார். முழுதாக வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. "இதை அழிச்சிட முடியுமா கண்ணு?" என்றார். நம் குழுவில் அழித்துவிடலாம் என்றேன். மற்ற போன்களில் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போனவர்கள் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் அவர்களில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அப்போதும் வாட்ஸ்ஆப்பில் இதே வதந்திதான் சுற்றியது. அந்த ஜூலையில்தான், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஐந்தைந்தாக அனுப்பினாலும் இந்த வீடியோ நம் பகுதி முழுக்கப் போய்ச்சேர ஒரு இரவு போதுமாக இருந்திருக்கிறது.

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பல்ல, கோர்ட்டே சொல்லியிருக்கிறது என்று போனில் சொன்னீர்கள். சரி, 2022இல் கேரள உயர் நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மைதான். நான் வழக்குப் போடுவதாகச் சொல்லவில்லையே. யார் போட்டதையும் எல்லோருக்குமாக அழிக்கும் வசதி உங்கள் கையில் இருக்கிறது. அதைச் செய்யத்தான் கேட்கிறேன்.

விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரின் முகம் ஆம்புலன்ஸ் வருமுன் குழுவுக்கு வந்துவிடுகிறது. காணாமல் போன குழந்தையின் படம், அது வீடு திரும்பிய பிறகும் பெற்றோரின் எண்ணோடு சுற்றுகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நம் வீட்டுப் பெண்ணை இப்படிப் போட்டிருந்தால் அன்றே போலீசுக்குப் போயிருப்போம். கூடை தூக்கி வருகிறவர் என்றால் மட்டும் யாருக்கும் உறுத்தவில்லையா?

கோபத்தில் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். வீடியோவை இன்றே எடுத்துவிடுங்கள். அதில் சொன்னது பொய் என்று சங்கத்தின் பெயரில் அதே குழுவில் எழுதுங்கள். பார்வர்டு செய்தவர்கள், யார் யாருக்கு அனுப்பினார்களோ அவர்களுக்கெல்லாம் இந்த மறுப்பையும் அனுப்பச் சொல்லுங்கள். அவருடைய கூடை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இந்தப் பக்கம் திரும்ப வரலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
மூன்றாவது தெருவிலிருந்து ஒரு உறுப்பினர்