சினைப்பன்றித் தீவனமும் ஃபோலிக் அமில மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1980களின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் பொங்கோல் வட்டாரப் பன்றிப்பண்ணைகளுக்குத் தீவனம் அனுப்பிய கடை ஒன்றில் நான் கணக்கெழுதினேன். சினைப்பன்றிக்கான மூட்டைகளும் வளரும் பன்றிக்கான மூட்டைகளும் தனித்தனியே அடுக்கியிருக்கும். மாற்றி ஏற்றிவிட்டால் அன்று மாலைக்குள் லாரி திரும்பி வந்துவிடும். பன்றி வளர்ப்பைப் படிப்படியாகக் கைவிட அரசாங்கம் 1984இல் முடிவெடுத்தபின் அந்தக் கடையும் மறைந்தது. ஆயினும், இரு தீவனங்களும் ஏன் வேறுபட்டன என்ற கேள்வி என்னை விடவில்லை. பின்னாளில் தேடிப் படித்தபோது அறிந்த காரணங்களுள் ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தைப் (இதன் செயற்கை வடிவமே ஃபோலிக் அமிலம்) பற்றியே எழுத விரும்புகிறேன்.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். சினையுற்றது முதல் சுமார் 60ஆம் நாள் வரை தாயின் குருதியில் ஃபோலேட் அளவு இறங்கிக்கொண்டே வருவதைக் கனடாவின் கியூபெக் ஆய்வாளர்கள் 1980களில் கண்டறிந்தனர். கருக்கள் ஒட்டி, உறுப்புகள் உருவாகும் காலமும் அதுவே. கூடுதலாக ஃபோலிக் அமிலம் பெற்ற தாய்ப்பன்றிகள் சில ஆய்வுகளில் அதிகக் குட்டிகளை ஈன்றன. எல்லா ஆய்வுகளிலும் அப்படி நேரவில்லை. அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1998இல் வெளியிட்ட அளவுகளின்படி, வளரும் பன்றியின் தீவனத்தில் கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் போதும், சினைப்பன்றிக்கு 1.3 மில்லிகிராம் வேண்டும். ஈன்றபின் சீம்பால் வழியாகவும் இச்சத்து குட்டிகளுக்குச் சேர்கிறது.

மனிதக் கருவுக்கோ அவகாசம் மிகக் குறைவு. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. முன்பு இக்குழாய் சரியாக மூடாத குறைபாடுள்ள கருவைச் சுமந்த பெண்கள், அடுத்த கருத்தரிப்புக்கு முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அது மீண்டும் நேரும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைகிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றம் 1991இல் அறிவித்தது. கருவுறத் திட்டமிடும் மற்றப் பெண்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம்.

என் மருமகள் மருத்துவரைப் பார்த்ததே ஏழாவது வாரத்தில்தான். மாத்திரைச் சீட்டு கைக்கு வருமுன் அந்த 28 நாள் கடந்துவிட்டது. பேரன் நலமாகப் பிறந்தான் என்றாலும், அந்தக் கணக்கை அறிந்தபின் எனக்குப் பல இரவுகள் தூக்கம் வரவில்லை. குழந்தை தங்குமுன்பே மாத்திரை வாங்கினால் கண்பட்டுவிடும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது உண்டு. கீரை போதாதா என்றும் கேட்பார்கள். தேக்கா சந்தையில் வாங்கும் கீரையில் ஃபோலேட் உண்டுதான். ஆனால் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால், சத்தின் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது.

வரும் தை மாதம் என் இளைய மகளுக்குத் திருமணம். மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே மாத்திரையைத் தொடங்கும்படி அவளிடம் நானே சொல்லிவிட்டேன். தந்தையும் தாயும் இதைப் பேசக் கூச்சப்படும் வீடுகளுக்காக, உங்கள் நாளிதழின் குடும்பப் பக்கத்தில் ஒரு மருத்துவரைக் கொண்டு இதை விரிவாக எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈசூன்